ஷூவுக்குள் வைத்த அட்டை

அத்தியாயம் 14

“இருபத்தெட்டு… இருபத்தொம்பது… முப்பது.”

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வலது காலில் மட்டும் நின்றிருந்த காவேரி, எண்ணி முடித்ததும் முழங்காலை மடக்கி மெல்லத் தணிந்தாள். முட்டி கால் விரல்களுக்கு நேராகவே இருந்தது. உள்பக்கம் துளியும் சாயவில்லை. நிமிர்ந்தவள், பக்கத்தில் கிடந்த பலகைக்கல் மீது ஏறிக் கீழே குதித்தாள். சத்தமே இல்லை. கட்டியிருந்த பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு விழமாட்டேன்” என்று பசுவிடம் சொன்னாள்.

பத்து வாரத்துக்கு முன்னால் இதே கால்தான் அவளைக் கவிழ்த்தது. பாலக்கோட்டுப் பள்ளி மைதானத்தில் பந்தை ஓங்கி அடித்துவிட்டு இறங்கியபோது, வலது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. முட்டி வீங்கி மூன்று நாள் கால் ஊன்ற முடியவில்லை. போன வருஷம் இதே மாதிரி விழுந்த பள்ளி அணித் தோழி தீர்த்தம்மாள், நல்ல உயரம், நல்ல கை, இன்றைக்குத் தையல் மிஷினுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஊர் டாக்டர் காவேரியின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஜவ்வு அறுந்து போகல, இழுத்துக்கிட்டிருக்குது. அடுத்த தடவ அறுந்துடும். வாலிபாலை வுட்டுடும்மா” என்றார்.

காவேரி விடவில்லை. அண்ணன் மாது விடச் சொல்லவும் இல்லை. அவன் தருமபுரியில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அக்தர் பேகம் என்று ஒரு பிசியோதெரபி அம்மா இருந்தார். மாது தங்கையை அங்கே கூட்டிப் போனான். அந்த அம்மா காவேரியைப் பத்துத் தடவை குதிக்க வைத்து, தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உம் பாதம் தட்டையா விழுது. பாதம் உள்ள சரிஞ்சா முட்டியும் உள்ள சரியும். பொம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகம். குதிக்க எல்லாரும் சொல்லித் தர்றாங்க. இறங்க யாரும் சொல்லித் தர்றதில்ல.”

அன்றைக்கே இரண்டு வேலை ஆரம்பமாயிற்று. ஒன்று காவேரியுடையது. தினமும் காலையில் ஒற்றைக்கால் நிற்பு, தொடைக்குப் பயிற்சி, சத்தம் வராமல் இறங்குவது. இன்னொன்று மாதுவுடையது. தங்கையின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, அவள் கேன்வாஸ் ஷூவுக்குள் பொருந்தும்படி இரண்டு அட்டைகள் செய்தான். அட்டை என்று பேர்தானே தவிர, அது மிருதுவான கறுப்பு ரப்பர். பாதத்தின் உள்வளைவு வருகிற இடத்தில் மட்டும் மேடாக இருக்கும்.

இவ்வளவு வேலை ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா குள்ளம்மாள் கேட்டதே இல்லை. எண்பத்தி நாலில் அப்பா போன பிறகு, மகன் ‘ஆஸ்பத்திரி ஸ்டோர்ல’ வேலை என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவள் அவள்.

அண்ணனுக்கு என்ன வேலை, அது என்ன ஆஸ்பத்திரி என்பது காவேரிக்கு மட்டும் தெரியும். 

இன்று காலை பத்து மணிக்குத் தருமபுரி மைதானத்தில் மாநில அணிக்கான தேர்வு. மாநிலத்துக்கு ஆடினால் ரயில்வேயில் வேலைக்கு வழி பிறக்கும். காவேரி முகம் கழுவப் போனாள். 

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

*

வந்தவர் பச்சியப்பன். குள்ளம்மாளின் தம்பி. கடத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் ராஜாமணியை மாதுவுக்குக் கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தது. நாள் குறிக்கத்தான் தம்பி வந்திருக்கிறான் என்று குள்ளம்மாள் அடுப்பில் காபித் தண்ணீர் வைத்தாள்.

பச்சியப்பன் உட்காரவில்லை. அவர் கண் வாசல் கல்லில் இருந்தது. அங்கே காவேரியின் வெள்ளை ஷூவும், பக்கத்தில் வெயிலில் உலர வைத்த இரண்டு கறுப்பு அட்டைகளும் இருந்தன. ஒன்றை எடுத்தார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். சட்டென்று கீழே போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இத யாரு செஞ்சது, மாப்ள?”

“நாந்தான் மாமா” என்றான் மாது.

“எங்க வெச்சு?”

மாது குனிந்து அட்டையை எடுத்துத் துடைத்து மறுபடி கல்லில் வைத்தான்.

“அக்கா, இங்க வாங்க. உங்க மவன் எந்த ஆஸ்பத்திரில வேல செய்யறான்னு தெரியுமா உங்களுக்கு?”

“தருமபுரி ஆஸ்பத்திரி. என்னாத்துக்குக் கேக்கற?”

“குஷ்டரோகி ஆஸ்பத்திரிக்கா! எங்கடையில மூட்ட தூக்கற ஆளுக்குக் கையில படை மாதிரி இருக்குதுன்னு வியாழக்கெழம அங்க கூட்டிட்டுப் போனேன். ஜன்னல் வழியாப் பாத்தா, நம்ம மாது தரையில உக்காந்திருக்கான். ஒரு நோயாளியோட காலத் தூக்கித் தன் தொடை மேல வெச்சு அளவு எடுக்கறான். அவங்களுக்குச் செருப்புத் தைக்கறதுதான் இவன் வேல. இந்த ரப்பரு அதே ரப்பரு.”

குள்ளம்மாள் மகனைப் பார்த்தாள். “பொய்யின்னு சொல்லுடா.”

மாது நிமிர்ந்தான். அவன் குரலில் நடுக்கம் இல்லை. “நெசம்தாம்மா. ஸ்டோர் இல்ல. செருப்புத்தான் தைக்கறேன். ரெண்டு வருஷமா.”

“நம்ம சாதியில எவனாச்சும் செருப்பு தைப்பானாடா? அதும் அவங்களுக்கு!”

“அவங்களுக்குக் கால்ல உணர்ச்சி இருக்காதும்மா. முள்ளு குத்தினாலும் தெரியாது. புண்ணு வந்து விரல் போயிடும். நான் தைக்கற செருப்பப் போட்டா போகாது.”

“இதக் கேட்டப்புறம் எம் பொண்ண இந்த வூட்டுக்குக் குடுக்க எனக்கு மனசு வரலக்கா” என்றார் பச்சியப்பன். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்தவர் போலச் சொன்னார். காபி குடிக்காமலே கிளம்பினார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெரு முனை தாண்டவில்லை. குள்ளம்மாள் இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு அட்டைகளையும் அதில் கவ்வி, வெந்நீர் அடுப்புக்குள் போட்டாள்.

“அம்மா!” காவேரி ஈர முகத்தோடு ஓடி வந்தாள். கறுப்புப் புகை கிளம்பியது. ரப்பர் தீய்கிற நாற்றம் வீடெல்லாம் நிறைந்தது.

“இனிமே நீயும் ஆட வேணாம், அவனும் அங்க போக வேணாம். கொட்டாயில மாடு இருக்குது, காட்டுல தக்காளி இருக்குது. போதும்.”

காவேரி அழுவாள் என்று குள்ளம்மாள் நினைத்தாள். காவேரி அழவில்லை. வெற்று ஷூவை எடுத்துத் தட்டிப் பையில் போட்டாள்.

“அடுப்புல போட்டது அட்டைதாம்மா. காலு எங்கிட்டதான் இருக்குது. நான் ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போறேன்.”

“நானும் வர்றேன். ஆஸ்பத்திரியில வேற அட்டை செஞ்சு தர்றேன்” என்றான் மாது.

இருவரும் வரப்பில் நடந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு குள்ளம்மாள் இடுக்கியோடு நின்றாள்.

*

பஸ்ஸில் மாது கணக்குப் போட்டான். வெட்ட இருபது நிமிஷம். ஒட்ட, காய, அரை மணி. தேய்க்க இருபது.

“ஆஸ்பத்திரிக்கிட்ட நான் எறங்கிக்கறேன். நீ மைதானத்துக்குப் போ. மொத செட் முடியறதுக்குள்ள கொண்டாந்துடறேன்.”

“அது இல்லாமலே ஆடட்டுமாண்ணா?”

“வலிச்சா நிறுத்திடணும். வீம்பு கூடாது.”

“அந்தம்மா என்னா சொன்னாங்க? அட்டை கால் பங்கு, மீதி முக்கால் பங்கு நீதான்னு. பத்து வாரமா முக்கால் பங்க நான் செஞ்சிருக்கறேன். ஒரு செட்டுக்கு அது தாங்கும்.”

அவன் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் செருப்புப் பட்டறை பூட்டியிருந்தது. குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி அக்தர் பேகத்திடம் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மா ஏன், எப்படி என்று கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

“வெட்டி மிஞ்சின துண்டுகள் பெட்டியில இருக்கு. அதுல எடுத்துக்கோ. பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

*

எட்டரை மணி பஸ்ஸில் குள்ளம்மாள் ஏறினாள். மகனை அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, “எங்கக்கா போறீங்க, கல்யாணத்துக்கா?” என்று சிரித்தபடி பேச்சுக் கொடுத்தாள்.

கண்டக்டர் வந்தார். “எங்கம்மா?”

“அந்த… செருப்புத் தைக்கற… குஷ்ட ஆஸ்பத்திரி ஸ்டாப்பு.”

கண்டக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு டிக்கெட்டின் ஓரத்தை நுனி விரலால் பிடித்து நீட்டினார். அவள் வாங்குவதற்கு முன்பே விட்டுவிட்டார். அது மடியில் விழுந்தது.

பூக்காரப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டாள். “அங்க காத்து வருது” என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டுக்குப் போனாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, குள்ளம்மாளின் விரல்களைப் பார்த்தார். அப்புறம் பாதங்களைப் பார்த்தார்.

குள்ளம்மாள் தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எதற்கு ஒளிக்கிறேன்? என் கையில் என்ன இருக்கிறது? காலையில் அட்டையை இடுக்கியால் தூக்கிப் போட்ட கைதானே?

இரண்டு கைகளையும் வெளியே எடுத்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள், யாரையும் பார்க்காமல். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. “எம் மவன் அங்க வேல செய்யறான். காலுக்குச் செருப்பு தைக்கறான். அவனப் பாக்கப் போறேன்.”

வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் அவள் நினைத்த அளவுக்குக் கேவலமாக இல்லை.

*

பட்டறைக்குள் மாது குனிந்து ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான்.

“அம்மா.”

“கெளம்புடா” என்றாள் குள்ளம்மாள். பஸ்ஸில் வந்த குரலில் பாதிகூட இல்லை.

“அப்பறம் திட்டும்மா. எத்தன வேணுமானாலும் திட்டு. இப்ப நேரம் இல்ல.” சொல்யூஷன் தடவி ஒட்டிய ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். “இந்த மேடு எடம் பிரியாம ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடி. பத்து நிமிஷம். நான் அடுத்ததப் பாக்கணும்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. 

குள்ளம்மாள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் வரிசையாகச் செருப்புகள் தொங்கின. சில குட்டையாக, சில முன்பக்கமே இல்லாமல். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டில் பேர் எழுதியிருந்தது. மகனின் கையெழுத்து.

“இது தொத்திக்காதா?”

பதில் பின்னாலிருந்து வந்தது. அக்தர் பேகம் கதவோரம் நின்றிருந்தார். “ரப்பர் கம்பெனியிலிருந்து ஷீட்டா புதுசா வருதும்மா. இதுல என்னா தொத்தும்? தொழுநோயும் அப்பிடித்தான், மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சவங்ககிட்டருந்து பரவாது. நான் பன்னெண்டு வருஷமா வெறுங்கையால இவங்க காலத் தேய்ச்சு விடறேன். பாருங்க.” கையை விரித்துக் காட்டினார். மருதாணி போட்ட கை.

“எம் பொண்ணு இன்னிக்கி ஆடினா காலு போயிடாதா?”

“போகவே போகாதுன்னு யாராலும் சொல்ல முடியாது. உங்க மகன் செய்யற இந்த அட்டையாலயும் முடியாது. ஆனா பத்து வாரத்துக்கு முந்தி விழுந்தாளே, அந்த மாதிரி இப்ப அவ இறங்கறதில்ல. நான் வாராவாரம் பாத்திருக்கேன்.”

குள்ளம்மாள் அட்டையை வாங்கினாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, வடைக்கு மாவு தட்டுவதைவிட அழுத்தமாக அமுக்கினாள். மாது தேய்க்கிற மெஷினை ஓட்டினான். கறுப்புத் தூள் பறந்து அவள் சேலையெல்லாம் படிந்தது. அவள் தட்டிவிடவில்லை.

“கல்யாணம் நின்னு போச்சேடா” என்றாள் பாதியில்.

“தெரியும்மா.”

“அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு.”

“அதுவும் தெரியும்.”

*

மைதானத்தில் முதல் செட் நடந்துகொண்டிருந்தது. நான்கு மாவட்டத்திலிருந்து வந்த முப்பது பெண்கள். அவர்களைக் கலந்து அணிகளாகப் பிரித்து ஆட வைத்தார்கள். மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சென்னையிலிருந்து வந்த கண்ணாடி போட்ட அம்மாள்.

காவேரி வழக்கமான உயரத்துக்குக் குதிக்கவில்லை. முக்கால் உயரம்தான். இறங்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு. முட்டி விரலுக்கு நேரே, சத்தம் இல்லாமல். பன்னிரண்டாவது பாயிண்டில் கால் சூடாகியிருந்தது. ஆனால் வலி இல்லை. பாதம் மட்டும் களைத்து உள்ளே சாயப் பார்ப்பது அவளுக்கே தெரிந்தது. செட் 15–12ல் முடிந்தது. அவள் இருந்த அணிக்குத் தோல்வி.

கண்ணாடி அம்மாள் அவள் பேருக்கு எதிரே எதையோ எழுதியதைக் காவேரி பார்த்தாள். சின்னக் குறிப்பு. நல்லதாக இருக்க முடியாது.

“காவேரீ!”

திரும்பினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன், ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றான். பின்னால் கேரியரிலிருந்து இறங்கிச் சேலையை உதறிக்கொண்டிருந்தவள் அம்மா.

குள்ளம்மாள் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். வாலண்டியர் ஒருவர் தடுக்கப் பார்த்தார். “எம் பொண்ணுங்க” என்று ஒரே வார்த்தையில் அவரைத் தாண்டினாள். இரண்டு அட்டைகளையும் மகள் கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தன.

“போட்டுக்க. மெதுவா ஆடு.”

“மெதுவா ஆடினா எடுக்க மாட்டாங்கம்மா.”

“அப்பன்னா எடுக்கற மாதிரி ஆடு.”

இரண்டாவது செட்டில் காவேரி முழு உயரத்துக்குப் போனாள். மூன்றாவது பந்திலேயே நெட்டுக்கு மேல் தோள் தெரிய அடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் விசில் அடித்தார்கள். ஐந்துக்கு ஏழு. ஒன்பதுக்கு எட்டு. பதிமூன்றுக்குப் பதினொன்று.

அப்போது அது நடந்தது. எதிரணியில் இருந்த உயரமான சேலத்துப் பெண் அடித்த பந்தைத் தடுக்க, காவேரி பக்கவாட்டில் பாய்ந்து எம்பினாள். பந்து அவள் கையில் பட்டுத் திரும்பியது. ஆனால் உடம்பு காற்றிலேயே திரும்பிவிட்டது. முழுப் பாரமும் வலது காலில், ஒற்றைக் காலில், கோணலாக வரப்போகிறது. பத்து வாரத்துக்கு முன் விழுந்த அதே இறக்கம்.

கயிற்றோரம் மாது கண்ணை மூடிக்கொண்டான். குள்ளம்மாள் மூடவில்லை. அவள் மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

பாதம் தரையைத் தொட்டது. இடுப்பு பின்னால் போனது. முழங்கால் மடிந்தது, முன்பக்கமாக, நேராக. காவேரி கிட்டத்தட்ட உட்காரும் அளவுக்குத் தணிந்து, ஒரு கையைத் தரையில் தொட்டு, அடுத்த நொடி நிமிர்ந்து நின்றாள்.

“பந்து வருது, பந்து!” என்று கத்தியது அவள்தான். அடுத்த பந்துக்கு ஓடியும் விட்டாள்.

செட் முடிந்ததும் கண்ணாடி அம்மாள் எழுந்து வந்தார். “மொத செட்ல ஏம்மா பாதி ஆட்டம் ஆடின? கால்ல அடிபட்டிருக்கா?”

பொய் சொல்லலாம். காவேரி சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஷூவைக் கழற்றி அட்டையைக் காட்டினாள். அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைவில் விரல் வைத்து அழுத்தினார்.

“போன வருஷம் எங்கிட்ட கேம்ப்ல இருந்த பன்னெண்டு பேர்ல மூணு பேருக்கு முட்டி போச்சு. மூணு நல்ல ஆட்டக்காரிங்க. யார் செஞ்சது இது?”

“எங்கண்ணன்.”

“எந்தக் கடையில?”

காவேரி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது. “தொழுநோய் ஆஸ்பத்திரியிலங்க” என்றாள் குள்ளம்மாள். அக்தர் பேகம் சொன்ன வார்த்தையையே சொன்னாள். “அங்க செருப்பு தைக்கறவன் எம் மவன். அந்தா, கயித்துக்கிட்ட நிக்கறான் பாருங்க.”

அந்த அம்மாளின் விரல் அட்டையை விடவில்லை. “கேம்புக்கு வரும்போது அவர் பேரு, விலாசம் எழுதிக் கொண்டா. அந்த பிசியோதெரபி அம்மாவோட பேரும்.”

“கேம்புக்கா?” என்றாள் காவேரி.

“லிஸ்ட் இன்னும் படிக்கல. நான் எதுவும் சொல்லல” என்று சொல்லிவிட்டு அவர் மேசைக்குப் போனார். 

அரை மணி கழித்துக் கேம்புக்கான பன்னிரண்டு பெயர்களைப் படித்தார்கள். எட்டாவது பேர் காவேரி, பாலக்கோடு. 

குள்ளம்மாள் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. குனிந்து அவள் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

மாது சைக்கிளை நிமிர்த்தப் போனான். அங்கே, சைக்கிளின் பக்கத்தில், ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ரெக்கார்டு நோட்டு, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். ராஜாமணி. தருமபுரியில் டீச்சர் டிரெய்னிங் படிப்பவள். காவேரிக்கு இன்று தேர்வு என்று தெரிந்து, ஹாஸ்டலிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

“அப்பா ஹாஸ்டலுக்கு வந்தாரு. எல்லாம் சொன்னாரு. கல்யாணம் வேணாம்னும் சொன்னாரு” என்றாள்.

மாது தலையை ஆட்டினான். “நீ வேற நல்ல எடமா…”

“இருங்க மாமா. நான் இன்னும் பேசி முடிக்கல.” அவள் குரல் நிதானமாக இருந்தது. “நீங்க என்ன வேல செய்யறீங்கங்கறது எனக்கு வருத்தமில்ல. யாருக்குச் செய்யறீங்கங்கறதும் வருத்தமில்ல. ரெண்டு வருஷமா எத்தன தடவ பேசியிருக்கோம்? திருவிழாவுல, பஸ் ஸ்டாண்டுல, எங்க வூட்டுல. காவேரிக்குத் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்சீங்க? நானும் முகத்தச் சுளிப்பேன்னு நெனச்சீங்களா?”

மாதுவின் கை சைக்கிள் ஹேண்டில் பாரிலேயே இருந்தது. காலையில் மாமாவுக்கு முன்னால் நிமிர்ந்து உண்மையைச் சொன்னவன், இப்போது தலையைக் குனிந்துகொண்டான். 

“இப்ப சொல்ல வேணாம்” என்றாள் ராஜாமணி. “யோசிச்சு நெசத்தச் சொல்லுங்க. புதன்கெழம சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்கே வர்றேன். பதிலக் கேட்டுட்டுத்தான் அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணுவேன்.”

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.